குடிசையிலிருந்து அலுவலகத்துக்கு: தேசத் தொண்டரின் இடமாற்றம்

சென்ற ஆண்டு களப்பணிக்காக ஜார்க்கண்டில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் சில நாட்கள் இருக்க நேர்ந்தது. ஒரே அறை, இரண்டு இரும்பு அலமாரிகள், ஒரு கணினி. அந்தக் கணினியில் பயனாளிகளின் விவரங்களைத் தொகுத்து வைக்க நல்லதொரு தரவுத்தளம் இருந்தது. ஓராண்டு உதவித்தொகையில் தங்கிப் பணியாற்றிய ஓர் இளைஞர் அதை உருவாக்கியிருந்தார். அவர் பணிக்காலம் முடிந்து சென்றபின் அதன் கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே இருபது ஆண்டுகளாக இருக்கும் மூத்த பணியாளர் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து பழைய நீளக் குறிப்பேட்டை எடுத்து, கோடு கிழித்து, பெயர்களை எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டின் அறிக்கையைப் புரட்டினால், ‘திறன் வளர்ப்பு’ என்னும் தலைப்பின் கீழ் அந்தத் தரவுத்தளம் ஒரு சாதனையாகப் பதிவாகியிருந்தது.

யாருடைய திறன் வளர்ந்தது என்ற கேள்வி அன்று மனத்தில் தங்கியது. அரசின் செலவில் ஓர் இளைஞரைத் தேர்ந்து, பயிற்றுவித்து, தொண்டு நிறுவனம் ஒன்றில் ஓராண்டு அமர்த்தி, அவர் வழியாக அந்நிறுவனத்தை வலுப்படுத்தலாம் என்ற எண்ணம் இன்று இயல்பானதாகத் தோன்றுகிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் முதன்மையான இடம் அமெரிக்காவின் விஸ்டா திட்டத்துக்கு உரியது. ‘அமெரிக்காவின் பணியில் தன்னார்வலர்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே விஸ்டா. இத்திட்டம் ஏழைகளின் குடியிருப்பில் தொடங்கி, தொண்டு நிறுவனத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்த நகர்வு நிர்வாகப் பட்டறிவால் மட்டும் நிகழவில்லை, அதில் பெரும்பகுதி அரசியல் தண்டனையின் விளைவு என்பது என் வாதம்.

முதலில் ஒரு செய்தி. வறுமை ஒழிப்பில் ‘சமூகத்தைத் திரட்டுதல்’ என்னும் கருத்து அமெரிக்காவில் பிறந்து நம்மிடம் வந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். டேனியல் இம்மர்வார் 2015-இல் வெளியிட்ட ‘திங்கிங் ஸ்மால்’ என்ற நூல் இந்த எண்ணத்தைத் தலைகீழாக்குகிறது. 1948-இல் ஆல்பர்ட் மேயர் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில் தொடங்கிய முன்னோடித் திட்டம், 1952 அக்டோபர் 2 அன்று 55 பகுதிகளில் தொடங்கப்பெற்ற சமூக வளர்ச்சித் திட்டம், பிலிப்பைன்ஸ் கிராமங்களில் நடந்த முயற்சிகள் ஆகியவற்றில் உருவான சிந்தனை பின்னர் அமெரிக்க நகரங்களின் ஏழ்மைப் பகுதிகளுக்குத் திரும்பிச் சென்றது என்று அவர் காட்டுகிறார். நம் கிராம சேவகருக்கும் அமெரிக்க மலைப்பகுதித் தன்னார்வலருக்கும் இருக்கும் இந்தத் தொலைதூர உறவை நம் பாடத்திட்டங்கள் சொல்வதில்லை.

இனி விஸ்டாவுக்கு வருவோம். ஜான் கென்னடியின் காலத்தில், வெளிநாடு செல்லும் அமைதிப் படைக்கு இணையாக உள்நாட்டில் ஒரு தேசிய சேவைப் படை வேண்டும் என்ற சட்டவரைவு 1963-இல் முன்வைக்கப்பட்டது. செனட் ஒப்புதல் தந்தும் பிரதிநிதிகள் சபையில் அது தேங்கிப்போனது. இத்தகைய தன்னார்வலர்கள் தம் மாநிலங்களுக்கு வந்தால் இனப் பிரிவினையைக் குலைப்பார்கள் என்று தென்மாநில உறுப்பினர்கள் அஞ்சினர். ஓராண்டுக்குப் பின், லிண்டன் ஜான்சன் 1964 ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்திட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக அந்தக் கனவு வேறு பெயரில் நிறைவேறியது. ஆனால் பழைய அச்சம் சட்டத்துக்குள்ளேயே குடியேறியது: மாநில ஆளுநரின் இசைவின்றி எந்த மாநிலத்துக்கும் தன்னார்வலரை அனுப்பக் கூடாது. (அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சருக்கு நிகரானவர்.) திட்டத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு வரியில் முளையாக இருக்கிறது.

முதற்குழுவில் இருந்தோர் 20 பேர். 1965 இறுதிக்குள் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியதாக அரசின் பதிவு கூறுகிறது. அப்பலாச்சிய மலைச் சிற்றூர்கள், கலிபோர்னியாவின் புலம்பெயர் வேளாண் தொழிலாளர் முகாம்கள், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரச் சேரிகள் ஆகிய இடங்களுக்கு அவர்கள் சென்றனர். பிழைப்புக்கான சிறு தொகையும், பணிக்காலம் முடிந்தபின் கைக்கு வரும் மாதம் 50 டாலர் சேமிப்பும் அவர்களுக்கு உண்டு. ஏழைகளிடையே ஏழைகளைப் போலவே வாழவேண்டும் என்பது விதி. காந்திய ஆசிரம மரபை அறிந்த நமக்கு இவ்விதி புதிதன்று.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். தொடக்க காலத்திலும் தன்னார்வலர்கள் தனித்து அலைந்தவர்கள் அல்லர். உள்ளூர் அமைப்பு ஒன்று ஏற்றுக்கொண்டால்தான் அவர்கள் அனுப்பப்பட்டனர். ஆகவே ‘நிறுவனத்தில் அமர்த்துதல்’ முதல் நாளிலிருந்தே உண்டு. மாறியது பணியின் அளவுகோல். அன்று, அந்தத் தெருவின் மக்கள் கூடிப் பேசினார்களா, கோரிக்கை வைத்தார்களா என்று பார்த்தனர். பிற்காலத்தில் அந்த நிறுவனம் எவ்வளவு நிதி திரட்டியது, எத்தனை தன்னார்வலரைப் பதிவு செய்தது என்று பார்த்தனர்.

இந்த மாற்றத்தின் கதையை ஓர் இடத்தில் நின்று பார்ப்பது நல்லது. அந்த இடம் கிழக்குக் கென்டக்கி.

அங்கே ‘அப்பலாச்சியன் வாலண்டியர்ஸ்’ என்னும் அமைப்பு 1964-ஐ ஒட்டி உருவானது. தொடக்கத்தில் அதன் பணி மிகவும் சாதுவானது: கல்லூரி மாணவர்கள் வார இறுதியில் மலைக்குச் சென்று, இடிந்து கிடந்த ஓரறைப் பள்ளிகளுக்கு வண்ணம் பூசுவார்கள், சன்னல்களைச் சீரமைப்பார்கள். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களை நடத்தியவர்களுக்கு இந்தக் காட்சி நன்கு பழக்கமானதே. விஸ்டா தன்னார்வலர்களும் இவ்வமைப்போடு சேர்ந்து பணியாற்ற வந்தனர். வார இறுதியோடு திரும்பிவிடாமல் மலையிலேயே தங்கியவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. பள்ளி ஏன் இடிந்து கிடக்கிறது? மாவட்டத்தின் வரி எங்கே போகிறது? பூமிக்கடியில் இவ்வளவு நிலக்கரி இருக்கும்போது மேலே இருப்பவர்கள் ஏன் இவ்வளவு ஏழைகள்? தாமஸ் கிஃப்மையர் இவ்வமைப்பைப் பற்றி 2008-இல் வெளியிட்ட நூலுக்கு, சீர்திருத்தர்கள் தீவிரவாதிகளாக மாறியதைக் குறிக்கும் தலைப்பையே இட்டார்.

அப்பகுதியில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியிலுள்ள கனிமம் இன்னொருவருக்கும் உரிமையாக இருக்கும். பல தலைமுறைக்கு முன் பாட்டனார் கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரத்தின் வலிமையில், நிலக்கரி நிறுவனம் பேரனின் தோட்டத்தைப் புல்டோசரால் வழித்தெடுக்க அன்று முடிந்தது. 1967 கோடையில் பைக் மாவட்டத்தில் ஜிங்க் ரே என்ற முதியவர் தம் நிலத்தில் நுழைந்த புல்டோசரின் முன் நின்றார். அக்கம்பக்கத்தாரும் அப்பலாச்சியன் வாலண்டியர்ஸ் அமைப்பினரும் உடன் நின்றனர். ஆளுநர் அந்த நிறுவனத்தின் அனுமதியை நிறுத்திவைத்தார். ஏழைகளின் ‘திறன்’ அன்று வளர்ந்தது என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சில வாரங்களே கடந்தன. அதே ஆகஸ்டில் அவ்வமைப்பின் பணியாளர் ஜோ மல்லாயும், வேறோர் அமைப்பில் பணியாற்றிய ஆலன், மார்கரெட் மெக்ஷூர்லி தம்பதியரும் அரசைக் கவிழ்க்க முயன்றதாக மாநிலத்தின் பழைய தேசத்துரோகச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். வழக்கைத் தொடுத்த அரசு வழக்கறிஞர் நிலக்கரித் தொழிலோடு தொடர்புடையவர், அவ்வாண்டுத் தேர்தலில் துணை ஆளுநர் பதவிக்கும் போட்டியிட்டவர். செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. வழக்கு தோற்றது, ஆனால் நோக்கம் வென்றது. ஆளுநரின் வேண்டுகோளை ஏற்று வாஷிங்டன் அவ்வமைப்புக்கான நிதியை நிறுத்த முன்வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவ்வமைப்பு தேய்ந்து மறைந்தது.

நிதியை நிறுத்தியவர்கள் கொடுங்கோலர்கள் அல்லர் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வறுமைக்கு எதிரான போரை உளமார நடத்தியவர்களே அவர்கள். ஓர் அரசின் ஊதியத்தில் இருப்பவர், அதே அரசின் உள்ளூர் அதிகாரத்தை எதிர்த்து மக்களைத் திரட்ட முடியுமா என்ற முரண்பாட்டுக்கு அவர்களிடம் விடை இல்லை. நம்மிடமும் இல்லை.

அதன்பின் நடந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். 1971-இல் நிக்சன் விஸ்டாவையும் அமைதிப் படையையும் ‘ஆக்‌ஷன்’ என்ற ஒரே முகமையின்கீழ்க் கொண்டுவந்தார். 1973-ஆம் ஆண்டின் உள்நாட்டுத் தன்னார்வச் சேவைச் சட்டம் திட்டத்துக்குத் தனி அடித்தளம் தந்தது, கூடவே தேர்தல் பணி, வாக்காளர் பதிவு போன்றவற்றிலிருந்து தன்னார்வலர்களை விலக்கி வேலியும் இட்டது. கார்ட்டர் காலத்தில் சாம் பிரவுனும் மார்ஜரி டபாங்கினும் பொறுப்பேற்று, மக்களைத் திரட்டும் அமைப்புகளுக்கு மீண்டும் தன்னார்வலர்களை அளித்தனர். பழைய புயல் மீண்டும் எழுந்தது. 1981-இல் ரேகன் நிர்வாகம் விஸ்டாவை முழுதாக மூடிவிடும் நோக்கத்தோடு வந்தது. காங்கிரஸ் மறுத்ததால் திட்டம் உயிர் பிழைத்தது, ஆனால் மெலிந்துபோனது. 1986-இல் சேர்க்கப்பட்ட எழுத்தறிவுப் பிரிவு அதற்குப் புதிய மரியாதையைத் தந்தது. எழுத்தறிவை எதிர்ப்பவர் எந்தக் கட்சியிலும் இல்லை அல்லவா?

1993-இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அமெரிகார்ப்ஸ் என்னும் பெருந்திட்டத்தை உருவாக்கி, விஸ்டாவை அதன் கிளையாக்கியது. இங்கேதான் ‘நிறுவனத் திறன்’ என்ற சொல் மையத்துக்கு வருகிறது. அமெரிகார்ப்ஸின் பிற கிளைகள் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருதல், பூங்கா சீரமைத்தல் போன்ற நேரடிப் பணிகளை ஏற்றபின், விஸ்டாவுக்கெனத் தனி அடையாளம் தேவைப்பட்டது. அது மறைமுகப் பணியாக வரையறுக்கப்பட்டது: நிதி கோரும் விண்ணப்பம் எழுதுதல், உள்ளூர்த் தன்னார்வலரைச் சேர்த்தல், பயிற்சிக் கையேடு தயாரித்தல், தரவுத்தளம் அமைத்தல். பசித்தவருக்கு உணவு பரிமாறுவது விஸ்டா உறுப்பினரின் பணியன்று, உணவு வங்கியின் கிடங்குமுறையைச் சீராக்குவதே அவர் பணி. ஒரு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு அளவில் உறுப்பினர்கள் தரப்படுவர், அதற்குள் அந்நிறுவனம் தன் காலில் நிற்கப் பழக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இதில் அறிவுடைமை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. நேரடிப் பணி செய்யும் தன்னார்வலர் சென்றால் பணியும் அவரோடு சென்றுவிடுகிறது, முறையை உருவாக்கிச் சென்றால் பணி நிற்கும் என்பது நியாயமான தர்க்கம். மேலும் 1960-களுக்குப் பின் அமெரிக்க அரசு தன் சமூகநலப் பணிகளில் பெரும்பகுதியை ஒப்பந்தம் வழியாகத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டது. விண்ணப்பம் எழுதவும் கணக்குக் காட்டவும் தெரியாத நிறுவனம் அங்கே மூச்சுவிட முடியாது. ஆனால் இந்தத் தர்க்கத்தின் உள்ளே ஒரு திருப்பம் நிகழ்ந்துவிட்டது. கென்டக்கியில் ‘திறன்’ என்பது அதிகாரத்தை நோக்கிக் கேள்வி கேட்கும் ஆற்றல். புதிய அகராதியில் அது நிதி தருபவரின் கேள்விக்கு விடை சொல்லும் ஆற்றல். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. தன்னார்வலரின் திறன் வளர்ந்ததில் யாருக்கும் ஐயமில்லை. 1964-இல் மேற்கு வர்ஜீனியாவின் எம்மன்ஸ் என்ற சிற்றூருக்குத் தன்னார்வலராக வந்த ஜே ராக்பெல்லர் பின்னர் அம்மாநிலத்தின் ஆளுநரானார், முப்பதாண்டுகள் செனட்டராகவும் இருந்தார். ஊருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அவ்வளவு துல்லியமான கணக்கு இல்லை.

நிலைத்தது எது என்று தேடினால் கிழக்குக் கென்டக்கிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஃபிளாய்ட் மாவட்டத்தைச் சேர்ந்த யூலா ஹால் என்ற பெண்மணி எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். வெளியிலிருந்து வந்த அந்த இளைஞர்களோடு சேர்ந்து பணியாற்றியவர். அவர்கள் சென்றபின்னும் அவர் அங்கேயே இருந்தார், அது அவருடைய ஊர். 1973-இல் மட் கிரீக் என்ற இடத்தில் ஏழைகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். 1982-இல் அது எரிந்து சாம்பலானபோது ஊராரிடம் நிதி திரட்டி மீண்டும் கட்டினார். 2021-இல் அவர் மறைந்தபோது அம்மருத்துவமனை அவர் பெயரையே தாங்கியிருந்தது. வந்து சென்றவர்கள் விட்டுச் சென்ற முறைகள், கையேடுகள் எவை என்று இன்று யாருக்கும் தெரியாது. அவர்களை எதிர்கொள்ள உள்ளூரில் ஒருவர் இருந்தார் என்பதே விளைவைத் தீர்மானித்தது. 1970-களில் விஸ்டாவே உள்ளூர் மக்களைத் தன்னார்வலராகச் சேர்க்கும் பக்கம் சாய்ந்தது இந்தப் பாடத்தைக் கற்றதால்தான் என்று கருதுகிறேன்.

இந்தியாவில் என்ன நடந்தது? நம்மிடம் தேசிய சேவை பற்றிய விவாதம் விஸ்டாவுக்கு முந்தியது. 1959-இல் சி. டி. தேஷ்முக் தலைமையிலான குழு பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்குக் கட்டாயச் சேவையைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு கே. ஜி. சையிதைன் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து, விருப்பச் சேவையே ஏற்றது என்றார். காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அது படிப்போடு சேர்ந்த பகுதிநேரப் பணி. முழுநேரத் தொண்டுக்கென 1977–78-இல் தேசியச் சேவைத் தொண்டர் திட்டம் வந்தது. பட்டதாரிகள் ஓரிரு ஆண்டுகள் உதவித்தொகை பெற்றுப் பணியாற்றலாம். கட்டமைப்பில் விஸ்டாவுக்கு மிக நெருங்கியது இதுவே. ஆனால் அவர்கள் அமர்ந்தது பெரும்பாலும் நேரு யுவ கேந்திரங்களில், அதாவது அரசின் சொந்த அலுவலகங்களில். பின்வந்த தேசிய இளைஞர் படையும் அதே வழியில் சென்றது. 2012-இல் களமிறங்கிய பிரதமரின் ஊரக வளர்ச்சி ஆய்வுத்தகைமையாளர்கள் மாவட்ட ஆட்சியரின் அறைக்கு அருகே அமர்ந்தனர்.

ஏன் தொண்டு நிறுவனங்களிடம் அனுப்பப்படவில்லை? நிர்வாக வசதி ஒரு காரணம். ஆனால் காலவரிசையைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. நெருக்கடி நிலையின்போது 1976-இல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஜனதா ஆட்சியில் 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தன்னார்வ அமைப்புகளுக்குப் பெரிய இடம் தந்தது. ஆட்சி மாறியதும் அந்த இடம் சுருங்கியது. 1982-இல் ஜெயப்பிரகாஷ் நாராயணோடு தொடர்புடைய காந்திய அமைப்புகளை விசாரிக்க குடால் ஆணையம் அமைக்கப்பட்டது. பைக் மாவட்டத்தின் தேசத்துரோக வழக்கையும் குடால் ஆணையத்தையும் நேராக ஒப்பிடுவது மிகை என்பதை அறிவேன். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருந்த கேள்வி ஒன்றே: அரசின் நல்லெண்ணத்தில் வளரும் அமைப்பு, நாளை யார் பக்கம் நிற்கும்? அமெரிக்க அரசு தொண்டர்களை நிறுவனத்திடம் தந்து, அவர்களின் பணியைச் சுருக்கி விடை கண்டது. இந்திய அரசு தொண்டர்களைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

அதனால் ஏற்பட்ட வெற்றிடத்தைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வங்கிகள், அறக்கட்டளைகள் நடத்தும் தனியார் உதவித்தொகைத் திட்டங்கள் நிரப்புகின்றன. ஜார்க்கண்டில் தரவுத்தளம் அமைத்த இளைஞரும் அவ்வாறு வந்தவரே. இதனிடையே 2020-இல் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. கணக்காளரின் சம்பளம், அலுவலக வாடகை, ஆவணப் பாதுகாப்பு ஆகியவையே ஒரு நிறுவனத்தின் திறன், அவையெல்லாம் இப்போது இறுக்கிப் பிடிக்கவேண்டிய செலவுகள். நிரந்தரப் பணியாளருக்கு ஊதியம் இல்லாத இடத்துக்கு ஓராண்டுத் தொண்டரை அனுப்பினால், அவர் கற்றுத்தருவதைப் பெற்றுக்கொள்ள யார் இருப்பார்கள்?

அமெரிக்காவிலும் தரை நழுவுகிறது. 2025 ஏப்ரலில் அமெரிகார்ப்ஸின் ஏறத்தாழ 40 கோடி டாலர் மானியங்கள் திடீரென நிறுத்தப்பட்டன. முகமையின் பெரும்பாலான ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டனர். மாநிலங்கள் வழக்காடி ஒரு பகுதியை மீட்டன.

இத்துறையில் ஆய்வு செய்ய எண்ணும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1977-க்குப் பின் வந்த தேசியச் சேவைத் தொண்டர்கள் இன்று எழுபதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளில் அவர்கள் எண்களாக மட்டுமே இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ அப்படிப் பணியாற்றியவர் எவரேனும் இருந்தால், அவர்களின் நாட்குறிப்பு, கடிதம், பணிச் சான்றிதழ் எதையும் பழைய தாள் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு செய்தி அனுப்புங்கள், நானே நேரில் வந்து படித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.